தலையாட்டும் வைத்தியம்

வீட்டு நிம்மதியின் விலை ஒரு கறுப்பு டி-ஷர்ட்தான் என்று துணிக்கடைக்காரர் கண்டுபிடித்தார். மண்டையோட்டுப் படம் போட்ட அந்த டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு மகனின் அறைக்குள் நுழைந்தார். ஹெவி மெட்டல் பாட்டு சுவரை உலுக்கிக்கொண்டிருந்தது.

"என்னப்பா வேணும்?"

"சும்மாதான்டா. சத்தம் பத்தல, கூட்டி வை" என்று கட்டிலில் உட்கார்ந்து தலையை ஆட்டினார்.

நாலாம் நாள் மகனின் நண்பர்கள் வந்தபோதும் விடாமல் ஆட்டினார்.

"மானத்த வாங்காதீங்கப்பா!" என்று அலறிய மகன், அன்றே ஸ்பீக்கரை அலமாரிக்குள் பூட்டிவிட்டான்.

பக்கத்து அறையில் எப்போதும்போல் இயர்போனில் செய்தி கேட்டுக்கொண்டிருந்த தன் அப்பாவிடம் ஓடினார் துணிக்கடைக்காரர்.

"திட்டாம, அடிக்காம நிறுத்திட்டேன்பா!"

பெரியவர் இயர்போனைக் கழற்றினார். அதற்குள்ளிருந்து டிரம்ஸ் இடி இடித்தது.

"காலேஜ்ல உனக்கிருந்த ராக் பைத்தியத்தை நானும் இப்படித்தான்டா நிறுத்தினேன். பக்கத்துல உக்காந்து தலையாட்டினேன். வெக்கப்பட்டு நீ விட்டுட்ட. எனக்குத்தான் இன்னும் விடல."

"அப்போ இத்தனை வருஷமா கேட்டது செய்தி இல்லையா?"

"வெளிய சொன்னா மரியாதை என்னாவறது?"

துணிக்கடைக்காரர் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தார்.

"நாலு நாளா எனக்கும் காதுக்குள்ள அதுவேதான் ஓடுது. இயர்போன்ல ஒரு பக்கத்தை இப்படிக் குடுங்கப்பா."

ஆக, அந்த வீட்டில் மெட்டலை விட்டவன் ஒருவன். அது தொற்றிக்கொண்டவர்கள் இருவர்.