வாய் ஓயாத சவாரி

ஜோதியம்மாளின் வாய் வேங்கிக்காலில் திறந்தது. கார் கீழ்பென்னாத்தூரைத் தாண்டியும் மூடவில்லை.

டிரைவர் செழியனுக்குக் கண் இரண்டும் மிளகாய்த்தூள் பட்ட மாதிரி எரிந்துகொண்டிருந்தது. பௌர்ணமி கிரிவலத்துக்கு வந்த கூட்டத்தை ஏற்றி இறக்கியே இரண்டு ராத்திரி போய்விட்டது. காலையில் வீட்டுக்குப் போய் விழலாம் என்று பார்த்தால், டிராவல்ஸ் முதலாளி மணி சாவியைத் திரும்பவும் கையில் திணித்துவிட்டார்.

"பாண்டிச்சேரி டிராப்புடா. வேற ஆள் இல்ல. தூங்கலைன்னு மட்டும் வாயத் திறந்துடாத, அந்தம்மா வண்டியே வேணாம்னுடும். அப்புறம் நாளைக்கு நீயும் வர வேணாம்."

ஏறும்போதே அந்தம்மா கேட்டார். "நைட்டு நல்லா தூங்கினியாப்பா?"

"நல்லா தூங்கினேன்மா."

ஜோதியம்மாள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையைப் பின்சீட்டிலேயே விட்டுவிட்டு முன்சீட்டில் வந்து உட்கார்ந்தார். அங்கேதான் பிடித்தது சனி.

முதலில் ஏ.சி. வேண்டாம் என்றார். கண்ணாடியை இறக்கியதும் வெயிலும் புழுதியும் சேர்ந்து உள்ளே வந்தன. செழியன் மெதுவாக ஒரு பாட்டைப் போட்டான்.

"இதென்ன அழுவுற பாட்டு? நிறுத்துப்பா."

அதற்கப்புறம் பேச்சு, பேச்சு, பேச்சு. எதிர்வீட்டுக்காரி மாடியில் காயப்போட்ட வடகத்தைக் காக்கா கொத்தின கதை முடிந்தால், கேஸ்காரன் சிலிண்டரை மாற்றிப் போட்டுவிட்டுப் போன கதை. சும்மா கேட்டுக்கொண்டு வந்தாலாவது பரவாயில்லை. ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு சொல்ல வேண்டும், வெறும் 'ம்' கொட்டினால் செல்லாது.

"உனக்குக் கல்யாணம் ஆச்சா?"

"ஆச்சும்மா. ஒரு பொண்ணு இருக்கு."

"பேரு?"

"ஓவியா."

"யாரு வெச்சது? நீயா, உன் பொண்டாட்டியா?"

"அவதாம்மா."

"நீ என்ன பேரு நெனச்சிருந்த?"

மனுஷனுக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்குமா? செழியன் மண்டையைக் குடைந்து ஒரு பெயரைச் சொன்னான். அது ஏன் நன்றாக இல்லை என்று செஞ்சி வரைக்கும் வாதாடினார் ஜோதியம்மாள்.

செஞ்சியில் டீக்கடை ஓரம் நிறுத்தச் சொன்னார். அவனுக்கு ஸ்ட்ராங்காக ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அது முடிந்ததும் இன்னொன்றும் சொன்னார். அவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து தொண்டையைத் தடவிக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்பாடா, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்தான் செழியன். வண்டியை ஸ்டார்ட் செய்தான். கூடவே அவரும் ஸ்டார்ட் ஆகிவிட்டார்.

திண்டிவனம் தாண்டியதும் ரோடு நேராக நீண்டு கிடந்தது. உச்சி வெயில். இவரை இறக்கிவிட்டு வீடு போய்ச் சேர்ந்து, குழந்தை பக்கத்தில் சுருண்டு படுக்க வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை. ஜோதியம்மாளின் குரல் கரகரத்துப் பாதி காற்றாகத்தான் வந்தது. அப்போதும் விடவில்லை, அவன் தோளைத் தட்டினார்.

"செழியா, உங்க வூட்ல மோர்க்குழம்புக்கு என்ன காய் போடுவாங்க?"

அவனுக்குப் பொறுமை போய்விட்டது. பாவம், எவ்வளவுதான் தாங்குவான்?

"அம்மா, கோச்சிக்காதீங்க. பாண்டி வர்ற வரைக்கும் கொஞ்சம் பேசாம வர்றீங்களா? தலை வெடிக்குது."

அந்தம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செழியனுக்கே சங்கடமாகப் போயிற்று.

"அது மட்டும் என்னால முடியாதுப்பா," என்றார் திரும்பி. "சொல்லு. வெண்டைக்காயா, பூசணிக்காயா?"

டோல்கேட் வரிசையில் நின்றபோது வாய் மூடியது. வண்டி நகர்ந்ததும் திறந்தது. செழியன் வெண்டைக்காய் என்றான், கத்தரிக்காய் என்றான், கடைசியில் எங்க வீட்டில் மோர்க்குழம்பே வைப்பதில்லை என்றுகூடச் சொல்லிப் பார்த்தான்.

ஒரு வழியாகக் கடற்காற்று முகத்தில் அடித்தது. பாண்டிச்சேரியில் ஒரு சின்னத் தெருவில், மகள் அருணாதேவியின் வீட்டு வாசலில் வண்டி நின்றது. இன்ஜினை அணைத்ததும் ஜோதியம்மாள் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அப்படி ஒரு அமைதி.

ஓடி வந்த மகள் பதறிப்போனாள். "என்னாச்சு டிரைவர்? அம்மா ஏன் இப்படி இருக்காங்க?"

"ஒண்ணுமில்லக்கா. வேங்கிக்கால்லேர்ந்து விடாம பேசிட்டே வந்தாங்க. தொண்டை கட்டிக்கிச்சு." முடிந்தவரை மரியாதையாகத்தான் சொன்னான்.

அருணாதேவி அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "எங்க அம்மாவா? அப்பா போனதுலேர்ந்து நாங்க ஆயிரம் கேட்டாலும் தலையத்தான் ஆட்டுவாங்க."

ஜோதியம்மாள் மெல்ல இறங்கிச் செழியன் பக்கம் வந்தார். "மாடி ரூம்ல ஃபேன் இருக்குப்பா. தூங்கி எழுந்துட்டு ஊருக்குக் கிளம்பு."

"எனக்குத் தூக்கமே வரலியேம்மா," என்றான் செழியன்.

ஜோதியம்மாள் மகளைக் காட்டி, தேய்ந்துபோன குரலில் சொன்னார்.

"இவ அப்பாவும் போன அன்னிக்கு இதையே சொல்லிக்கிட்டுதான் வண்டி ஓட்டினாரு. நான்தான் பக்கத்துல பேசாம தூங்கிட்டேன்."