பின்னால் பெரிய டயர்

அமராவதி ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தாள். ஒரு சிவப்புக் கார் நின்றது. மகள் வைஷ்ணவியைப் பெண் பார்க்க அரிமளத்திலிருந்து வந்தவர்கள் படியேறிக்கொண்டிருந்தார்கள்.

“கார் நிக்கிற லட்சணத்தப் பாருடி. முன்னாடி சின்ன டயரு, பின்னாடி பெரிய டயரு. கும்புடு போடுற மாதிரில்ல குனிஞ்சு நிக்குது!”

“போட்டோ பாத்ததுலயே எனக்கு அவரப் புடிச்சிருக்கும்மா. டயரையா கட்டிக்கப் போறேன்?”

“நாலு டயர ஒண்ணுபோல வாங்கத் தெரியாதவன் குடும்பம் நடத்துவானா? ஒங்க அக்கா வீட்டுக்காரரும் இருக்காரே, செருப்பு வாங்குனாக்கூட நாலு கடை ஏறி எறங்குவாரு. நீ காபி கொண்டு வராத. தண்ணியக் குடுத்து அனுப்பிடுறேன்.”

கூடத்துக்கு வந்தவள், மாப்பிள்ளையின் அப்பா மலையாண்டியிடம் நேராகவே கேட்டாள். “ஏங்க, ஒங்க காருக்கு நாலு டயரும் ஒரே சைஸுல கெடைக்கலையா?”

“நாங்க பஸ்ஸுலல்ல வந்தோம். அது ஒங்க வீட்டுக் காருன்னு நெனச்சு, இந்தச் சம்பந்தமே வேணாம்னு எம் பொண்டாட்டி திரும்பிட்டா. டயருக்காகப் பொண்ண வேணாம்னு சொல்லலாமான்னு நான்தான் சமாதானம் பண்ணிக் கூட்டியாந்தேன்.”

“எங்க வீட்டுக் காரா? நல்லா சொன்னீங்க! எந்தக் கோமாளி நிறுத்திட்டுப் போனானோ!”

கொல்லைப்பக்கம் கை கால் கழுவிவிட்டு மூத்த மருமகன் கோபிநாத் உள்ளே வந்தான்.

“அத்தை, வாசல்ல நம்ம காரப் பாத்தீங்களா? சொல்லாம வந்து நிக்கணும்னு நேத்து அறந்தாங்கியில எடுத்தேன். பின்னாடி பெரிய டயரா நானே தேடி மாட்டுனேன். எப்படி இருக்கு?”

கூடமே அமராவதியைப் பார்த்தது.

“கம்பீரமா இருக்கு மாப்ள” என்றவள், அடுப்படிப் பக்கம் திரும்பினாள். “வைஷ்ணவி, காபி கொண்டா தாயி!”