கைநாட்டுக்கு மேலே

படிவத்தை வாங்கி ஒரு தடவை பார்த்த மீனம்மா, அதை இரண்டாகக் கிழித்துப் போட்டாள்.

சுடலைமுத்து துண்டுகளைப் பாய்ந்து பொறுக்கினார். பாஸ்போட் படிவம். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, வவுனியாவுக்கு பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தது.

“என்ன தங்கச்சி, கிறுக்குப் புடிச்சிருச்சா?”

“இதுல உங்க வீட்டு அக்காவோட கைநாட்டு இருக்கு. மத்த எடமெல்லாம் வெறுமையா இருக்கு. எழுதாத ஃபாரத்துல எப்படிண்ணே கைநாட்டு வச்சாங்க?”

“முன்னாடி வச்சா என்ன, பின்னாடி வச்சா என்ன? அவளுக்குப் படிக்கவா தெரியும்?”

“அதனாலதான் சொல்றேன், அக்காவைக் கூட்டிட்டு வாங்க. வாசிச்சுக் காட்டிட்டு எழுதுறேன். புது ஃபாரம் என்கிட்ட இருக்கு.”

“ஆறு மைல் நடந்து வந்திருக்கேன்!”

“நாளைக்கும் நடங்க.”

நெடுங்கேணித் தபால் கந்தோர் விறாந்தையில் உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதமும் படிவமும் எழுதிக் கொடுப்பவள் மீனம்மா. எழுபத்தேழு கலவரத்தில் தேயிலைத் தோட்டங்களை விட்டு ஓடிவந்து, இங்கே காடு வெட்டிக் குடியேறிய சனங்களுக்கு அவளை விட்டால் ஆளில்லை. அந்தத் திமிர்தான் என்று சுடலைமுத்து அவள் காதுபடவே சொன்னார்.

அவளிடம் இன்னொரு கோளாறும் இருந்தது. பேனாவைத் திறக்குமுன் குனிந்து யாரிடமோ பேசுவாள். “அவசரப்படாத குட்டி. அம்மாவைக் கேளு. கேட்டுட்டு எழுது.” பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். செத்துப்போன மகளாக்கும் என்று ஊர் பேசிக்கொண்டது.

தபாலதிபர் சிற்றம்பலம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

“பாவம், தூரத்து மனுசன். எழுதிக் குடுத்துவிடன் பிள்ளை.”

“முடியாதுங்க ஐயா.”

மறுநாள் சுடலைமுத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். பின்னால் அவர் மனைவி கமலாட்சி, மிளகாய்த் தோட்டத்து மண் ஒட்டிய காலோடு.

மீனம்மா புதுப் படிவத்தை விரித்தாள். “என்ன எழுதப் போறேன்னு கேட்டுக்குங்கக்கா. இந்தியாவுக்கே போய்க் குடியிருக்கப் போறவங்க: சுடலைமுத்து, மனைவி கமலாட்சி, பிள்ளைங்க மூணு பேர்…”

“இந்தியாவா?” கமலாட்சி புருசனைத் திரும்பிப் பார்த்தாள். “அரிசிக் கூப்பனுக்குன்னு சொல்லித்தானே கைநாட்டு வாங்கினீங்க?”

சுடலைமுத்து நிலத்தைப் பார்த்தார். “மறுபடியும் வந்து வீட்டைக் கொளுத்தினா என்ன செய்யிறது? சொன்னா நீ வரமாட்டேன்னுதான்…”

“வரமாட்டேன்தான். ஒருக்கா ஓடினது போதும். காடு வெட்டினது இந்தக் கை. கிணத்துல மண்ணு அள்ளினது இந்தக் கை. பொய் சொல்லி இதுலயே மை தடவுனீங்களே!”

கமலாட்சி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

“பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க. எனக்கும்தான் பயம். வீட்டுல உக்காந்து பேசுவோம். எழுதுறதெல்லாம் அப்புறம்.”

அன்று படிவம் எழுதப்படவில்லை. கமலாட்சி முன்னால் நடக்க, சுடலைமுத்து நாலடி பின்னால் போனார்.

சிற்றம்பலத்துக்கு அதற்கு மேல் உள்ளே இருப்புக்கொள்ளவில்லை. விறாந்தைக்கே வந்துவிட்டார்.

“நேற்று நானும் உன்னைப் பிழையா நினைச்சிட்டன், பிள்ளை. ஒண்டு கேக்கிறன், கோவிக்காத. அந்தக் குட்டி ஆர்? உன்ர மகளோ?”

மீனம்மா பேனாவை மூடினாள்.

“இல்லைங்க ஐயா. பதினாறு வயசு மீனம்மா. தேயிலைத் தோட்டத்துல எங்க லயத்து வீடுகள்லயே எழுதத் தெரிஞ்ச ஒரே ஆளு. அவளுக்குப் பெருமை தாங்கல. அம்மா கைநாட்டு வச்ச வெறும் ஃபாரத்தை அப்பா நீட்டினாரு. ஒரே மூச்சுல இந்தியான்னு எழுதிக் குடுத்துட்டா. அம்மாவை ஒரு வார்த்தை கேக்கல. அவளுக்குத்தான் தினமும் புத்தி சொல்லிட்டிருக்கேன்.”

“அம்மா இப்ப எங்க?”

“கப்பல் வர்றதுக்குள்ள எனக்குத் தோட்டத்துலயே கலியாணம் ஆகிருச்சு. நான் நின்னுட்டேன், அவங்க போயிட்டாங்க. கப்பல் ஏறுற அன்னிக்குத்தான் அம்மா என்கிட்ட கேட்டாங்க: ‘நீயா குட்டி எழுதின?’”