கறுப்புப் பட்டை

"பேரை ஏன் மறைச்சீங்க? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க மேடம்."

காலனி சங்கக் கூட்டத்துல ஸ்ரீரங்கன் எழுந்து நின்னார்னா சீக்கிரம் உட்கார மாட்டார். வேலையிலிருந்து ரிட்டையர் ஆனாலும் அந்த ஆபீசர் குரல் இன்னும் ரிட்டையர் ஆகலை.

செயலாளர் ஜெயசீலி, ஸ்கூல் டீச்சர். பொறுமையாவே சொன்னாங்க. "சங்கத்து ஃபைல் எல்லாத்தையும் வெப்சைட்ல போட்டிருக்கோம் சார். தீர்மானம், கணக்கு, புகார்னு எதை வேணும்னாலும் யார் வேணும்னாலும் படிக்கலாம். புகார் குடுத்தவங்க பேர் மேல மட்டும் கறுப்புப் பட்டை போட்டிருக்கோம்."

"எல்லாத்தையும் திறந்து வைக்கணும்னு தீர்மானம் கொண்டு வந்ததே நான்தான். இப்ப என் வீட்டு நம்பரை ஊரே படிக்குது, எழுதினவன் பேர் மட்டும் முக்காடு போட்டுக்கிட்டு நிக்குது."

"பேர் வெளிய வந்தா அப்புறம் யாரும் எழுத மாட்டாங்க சார்."

விஷயம் இதுதான். ஸ்ரீரங்கன் வீட்டு சமையலறைத் தண்ணியும் துணி துவைக்கிற தண்ணியும் மழைநீர்க் கால்வாயில போய் விழுது. தெருவுல தேங்கி நிக்குது, கொசு பிடுங்குது. பாதாளச் சாக்கடையில இணைக்கச் சொல்லுங்கன்னு யாரோ சங்கத்துக்கு எழுதிட்டாங்க.

யாரோ என்ன யாரோ. எதிர் வீட்டு சாலமோன்தான்னு ஸ்ரீரங்கன் முடிவே கட்டிட்டார். சாலமோனுக்குத் திருமுடிவாக்கத்துல பட்டறை, சங்கத்துல துணைச் செயலாளர் பதவி. போன மாசம்தான் அவர் பொண்ணு சுஜி டெங்கு வந்து படுத்து எழுந்தா. வேற யார் எழுதுவா?

கூட்டம் முடிஞ்சு செருப்பு மாட்டுற இடத்துல ஆளைப் பிடிச்சார்.

"நீதானேய்யா எழுதினே?"

சாலமோன் குனிஞ்சு செருப்பு வாரை மாட்டினார். "நான்தான்னு வச்சுக்கங்க சார்."

"வச்சுக்க என்ன இருக்கு? உன் சம்பந்தி ஜனத்துக்கு என் மாடி கிடையாது. வேற இடம் பார்த்துக்கோ."

அடுத்த வாரம் சுஜிக்குக் கல்யாணம். நாகர்கோவில்ல இருந்து வர்ற மாப்பிள்ளை வீட்டார் தங்குறதுக்கு ஸ்ரீரங்கன் வீட்டு மாடியைத்தான் நம்பியிருந்தாங்க. முகூர்த்த மாசம் வேற, தாம்பரத்துல ஒரு லாட்ஜும் காலி இல்லை.

சாலமோன் "சரி சார்"னு மட்டும் சொல்லிட்டு பைக்கை எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்ரீரங்கன் உத்தரவு போட்டார். "எதிராத்துக்கு மாடிச் சாவி கிடையாது."

அவர் சம்சாரம் அபிதகுஜாம்பாள் கரண்டியைக் கீழே வச்சாங்க. "அவர்தான் எழுதினார்னு யார் சொன்னா?"

"அவனே ஒத்துண்டுட்டான்."

"ஏன்னா, நான் ஒண்ணு சொல்றேன்..."

"நீ சிபாரிசுக்கு வராதே. மோரை ஊத்து."

மறுநாள் காலையில, வக்கீலா இருக்கிற மச்சினன் ஷ்யாம்சுந்தருக்கு அந்தப் புகாரை அனுப்பி யோசனை கேட்கலாம்னு உட்கார்ந்தார். லிங்க் திறக்கலைன்னான் மச்சினன். "எழுத்தை அப்படியே காப்பி பண்ணி வாட்ஸ்அப்ல போடுங்கோ அத்திம்பேர்."

ஸ்ரீரங்கன் திரையில விரலை அழுத்திப் பிடிச்சார். பக்கம் பூரா நீலமாச்சு. காப்பி பண்ணினார். வாட்ஸ்அப்ல ஒட்டினார்.

எழுத்து மட்டும் வந்தது. கறுப்பு வரலை. பட்டை இருந்த இடத்துல பேர் பளிச்சுனு நின்னுது.

புகார் கொடுத்தவர்: அபிதகுஜாம்பாள் ஸ்ரீரங்கன்.

அனுப்புறதுக்குப் போன விரல் அந்தரத்துலயே நின்னுது. அப்புறம் ஒட்டினது எல்லாத்தையும் அழிச்சார்.

"குஜா, இங்க வா."

வந்தாங்க. திரையில இருந்த புகாரையும் அவர் முகத்தையும் பார்த்தாங்க. "ஆமாம், நான்தான். எதிராத்துப் பொண்ணு ஜுரத்துல கிடந்தப்போ மனசு கேட்கலை, எழுதினேன். பேரை மறைச்சுடுங்கோன்னு ஜெயசீலி கிட்ட நான்தான் கேட்டுண்டேன்."

"என் கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"இந்த ஆத்துக்குக் குடி வந்ததுலேர்ந்து சொல்லிண்டுதான் இருக்கேன். நெட்ல வந்தாத்தான் உங்க கண்ணுல படறது."

ஸ்ரீரங்கன் ஜெயசீலிக்கு ஃபோன் போட்டார்.

"மேடம், அந்த ஃபைலை உடனே இறக்குங்க. உங்க கறுப்பு மேலாப்புல மட்டும்தான் ஒட்டியிருக்கு. காப்பி பண்ணினா பேர் வந்துடுது."

"ஐயோ. எல்லாப் புகாரையும் அப்படித்தான் சார் போட்டேன்."

"அப்ப எல்லாத்தையும் இறக்குங்க. மேல பூசினா போதாது, பேரையே அழிச்சுட்டு அப்புறம் ஏத்துங்க."

"சார், நேத்து நீங்கதானே பேரைத் திறக்கச் சொன்னீங்க?"

"முதல்ல இறக்குங்கம்மா."

மாடிச் சாவியை எடுத்துக்கிட்டுத் தெருவைத் தாண்டினார். சாலமோன் வாசல்ல நின்னு, பல்லாவரத்துல ஏதோ லாட்ஜ்காரன் கிட்ட ஃபோன்ல கெஞ்சிக்கிட்டிருந்தார். இவரைப் பார்த்ததும் ஃபோனை வச்சார்.

"பிளம்பருக்குச் சொல்லிட்டேன், நாளைக்கு வர்றான்"னு ஆரம்பிச்சார் ஸ்ரீரங்கன். அதுக்கு மேல குரல் இறங்கிடுச்சு. "யார் எழுதினதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். சங்கத்துக்கு வர்ற புகாரையெல்லாம் முதல்ல படிக்கிறது நான்தானே."

"அப்புறம் ஏன்யா உன் தலையில போட்டுக்கிட்டே? அதுவும் பொண்ணு கல்யாணத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு?"

சாலமோன் சாவியை வாங்கி சட்டைப் பையில போட்டுக்கிட்டார்.

"எங்க ஜனத்துக்கு உங்க மாடி இல்லைன்னா பல்லாவரத்துல ஒரு லாட்ஜ் பார்க்கலாம் சார். மாமிக்கு எங்க போய் லாட்ஜ் பார்க்கிறது?"