வாசலை அளந்தவர்

மச்சானைக் கடைசியாக உயிரோடு பார்த்தது எங்கள் தொழிற்சாலை வாசலில். அளவு நாடாவின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை ஒரு வெளிநாட்டுக்காரர் கையில். இருவரும் வாசலை அளந்துகொண்டிருந்தார்கள்.

"பாத்தீங்களா? சீல் வைக்க வந்துட்டாங்க!" என்று கத்தினார் தொழிற்சங்கத் தலைவர்.

எல்லோரும் வேலையைப் போட்டது போட்டபடி ஓடி வந்தோம்.

நாங்கள் செய்தது ஃப்ரிட்ஜ். அதன் சுவருக்குள் ஊற்றும் நுரைக்கு ஒரு வாயு வேண்டும். அது ஓசோன் படலத்தை ஓட்டையாக்கும் வாயு. படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுகிறோம் என்று மற்ற நாடுகளோடு சேர்ந்து எங்கள் நாடும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தது. போட்டதோடு சரி. குறையவில்லை, கூடிவிட்டது.

ஒப்பந்தச் சபைக்கு அந்த வாயுவின் கணக்கை அனுப்புகிற அதிகாரி என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். குறைத்துக் காட்டச் சொன்னது மேலிடம். இவர் உள்ளதை உள்ளபடி அனுப்பிவிட்டார். நாட்டைக் காட்டிக்கொடுத்த அதிகாரி என்று பத்திரிகையில் படத்தோடு போட்டார்கள்.

நானும் மனைவியும் அந்தத் தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தோம். தண்டனையாக அதை மூடப்போகிறார்கள் என்று பேச்சு. மூடினால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் முன்னால் போனாள்.

"ஏண்ணா, கூடப் பிறந்தவ சோத்துல மண்ணள்ளிப் போட நீயே நேர்ல வரணுமா? ஆளை விட்டு அனுப்பியிருக்கலாமே."

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா. அளவு தப்பிடும்."

"சீல் வைக்க எதுக்குய்யா அளவு?" என்றார் பின்னாலிருந்து ஸ்டோர்கீப்பர். "வாசலுக்குச் சட்டையா தைக்கப் போறாங்க?"

யாரோ சிரித்தார்கள். தலைவர் திரும்பி முறைத்தார்.

வெளிநாட்டுக்காரர் நாடாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரு முழம் பத்தலை," என்றார் மச்சான். "இந்தப் பக்கச் சுவரை இடிச்சாத்தான் மெஷின் உள்ளே போகும்."

"எந்த மெஷின் மச்சான்?" என்றேன்.

"அந்த வாயு இல்லாமலே நுரை ஊத்துற மெஷின். சபை கொடுக்குது. இவர் அங்கேருந்து வந்த இன்ஜினியர்."

"அப்போ தண்டனை?" தலைவர் குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

"மறைச்சு மாட்டியிருந்தா, அந்த வாயுவை எந்த நாடும் நமக்கு விக்கக் கூடாதுன்னு தடை வந்திருக்கும். அன்னிக்கே இதை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். நாமளே போய், 'சொன்னபடி செய்ய முடியலை, ஒரு வழி பண்ணுங்க'ன்னு கேட்டா, எப்போ எவ்வளவு குறைக்கணும்னு கெடு வைப்பாங்க. மெஷினும் கொடுப்பாங்க. அப்புறம் வருஷா வருஷம் கேள்வி கேட்டு உயிரை எடுப்பாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

தலைவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். என் மனைவிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்னவாம்?"

"கொடுப்பாங்களான்னு எனக்கே தெரியாதே. சொல்லிட்டு, வராமப் போனா நீ என்னைச் சும்மா விடுவியா?"

"சரி சரி. உன் ஆபீசுல சொல்லி, சீக்கிரம் கொண்டுவரச் சொல்லு."

மச்சான் நாடாவைச் சுருட்டினார்.

"ஆபீசுல என்னைப் போன வாரமே வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க பாப்பா."

அவள் முகம் மாறிவிட்டது. "அப்புறம் நீ எதுக்கு இங்கே வந்தே?"

"ஆபீசுலேருந்து யாரும் இவர்கூட வர மாட்டேன்னுட்டாங்க. இவருக்கு வழி தெரியாதே."

மெஷின் வந்து இறங்கியபோது மச்சான் இல்லை. மாரடைப்பு. அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டினார். பல வருஷம் கழித்து என் மனைவியும் போய்விட்டாள்.

அந்த வாயு இப்போது எங்கள் நாட்டுக்குள் வருவதே இல்லை. தொழிற்சாலை ஓடிக்கொண்டிருக்கிறது.