நாலு வரி

பிறந்தநாளுக்குச் சந்திரமௌலி சார் கொடுத்த பேனாவை அகல்யா குப்பைக் கூடையில் எறிந்தாள். எறிந்த வேகத்தில் கூடையே சாய்ந்துவிட்டது.

"அடிப்பாவி, புதுப் பேனா!" எதிர் மேஜையிலிருந்து ப்ரணவ் எழுந்து வந்தான். "என்ன ஆச்சு?"

"பெரிய காலேஜ்ல என்னை ஏன் எடுக்கலைன்னு கேட்டு எழுதியிருந்தேன் இல்ல? பதில் வந்திருக்கு. மார்க் நல்லா இருக்காம், இன்டர்வியூவும் நல்லா பண்ணியிருக்கேனாம். சாரோட சிபாரிசு லெட்டர்தான் சரியில்லையாம்."

போனை அவனிடம் நீட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை. மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

இருவரும் மந்திர் மார்க் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு, இப்போது கரோல் பாக்கில் இந்தச் சந்தை ஆய்வு கம்பெனியில் ஒரே அறை. எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்கும் இருவரும் சேர்ந்துதான் படித்தார்கள். நோட்ஸ் எழுதியது அவள், ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டது அவன்.

ஒரே ஆபீஸிலிருந்து இரண்டு பேரைப் பெரிய காலேஜ் எடுக்காது என்று கோச்சிங் வகுப்பில் ஒரு பேச்சு உண்டு. ப்ரணவ் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். கடைசியில் அப்படித்தான் ஆயிற்று, அவனுக்கு இடம் கிடைத்தது, அவளுக்கு இல்லை.

அவளுக்குக் கிடைத்தது நொய்டாவில் ஒரு சின்ன காலேஜ். சேருகிறாளா இல்லையா என்று இன்று மாலை ஐந்து மணிக்குள் சொல்லியாக வேண்டும். இதிலேயே சேர்ந்துவிடுவதா, அடுத்த வருடம் பெரிய காலேஜுக்கே மறுபடி விண்ணப்பிப்பதா என்று ஒரு வாரமாக அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

"அரே, கிடைச்சதை எடுத்துக்கோ அகல்யா," என்றான் ப்ரணவ். "பானிப்பத் சர்வேல சாரோட ரிப்போர்ட்டே தப்புன்னு எல்லார் முன்னாடியும் சொன்னியே, ஞாபகம் இருக்கா? அதை மனசுல வெச்சுக்கிட்டு மனுஷன் பழி தீர்த்துட்டார்."

"அன்னிக்குச் சிரிச்சுக்கிட்டே தோள்ல தட்டினாரேடா!"

"சிரிப்பார், சிரிப்பார். நாலு வரி கிறுக்கி அனுப்பினவர்கிட்ட அடுத்த வருஷமும் லெட்டருக்குப் போய் நிக்கப்போறியா? இதைப் பத்தி அவர்கிட்ட கேக்கவே கேக்காத. பேசாம 'சேர்றேன்'னு ஒரு பட்டனை அமுக்கிட்டுக் கிளம்பு."

மத்திய சர்க்கார் வேலையில் ஓய்வு பெற்று இங்கே தலைவராக வந்தவர் சந்திரமௌலி. கம்ப்யூட்டரைத் தொடமாட்டார், எதுவானாலும் மஞ்சள் தாளில் கையால் எழுதித்தான் தருவார்.

அந்தக் கோழிக் கிறுக்கலை மூன்று வருடமாக உட்கார்ந்து டைப் அடித்தவள் அவள்தான். ப்ரணவுக்கு அவர் எழுதிய சிபாரிசைக்கூட ஒரு கமா பிசகாமல் அடித்து அனுப்பினாள். அவளுடைய சிபாரிசு அவள் கண்ணில் படக் கூடாது என்பது விதி. "அனுப்பியாச்சும்மா, கவலைப்படாதே," என்று அவர் சொன்னதை அப்படியே நம்பினாள், பைத்தியக்காரி.

நாலரை மணிக்குச் சின்ன காலேஜின் பக்கத்தைத் திறந்தாள். 'சேர்கிறேன்' என்ற பச்சைப் பட்டனுக்கு மேலே விரல் நின்றது. அவர் மனதில் நிஜமாகவே அவள்மேல் மதிப்பில்லையென்றால் மறுபடி விண்ணப்பித்து ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் அதை அவர் வாயாலேயே கேட்காமல் போனால் ஆயுசுக்கும் அரித்துக்கொண்டே இருக்கும்.

ப்ரணவ் "அகல்யா, வேணாம்!" என்று கூப்பிடக் கூப்பிட எழுந்து போய் அவர் அறைக் கதவைத் தள்ளினாள்.

"வாம்மா. என்ன, முகமெல்லாம் சிவந்து கெடக்கு?"

"எனக்கு வெறும் நாலு வரி எழுத உங்களுக்கு எப்படி சார் மனசு வந்துது?" அடக்கி வைத்த அழுகை அந்த இடத்தில் உடைந்துவிட்டது. "பிடிக்கலைன்னா எழுத மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே!"

"நாலு வரியா? நானா?" கிழவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "ஒரு லீவ் லெட்டரையே நாலு வரில முடிக்க வராதேம்மா எனக்கு!"

எழுந்து பீரோவைத் திறந்து ஒரு ஃபைலை உருவினார். "சர்க்கார்ல வந்த பழக்கம். எதை எழுதினாலும் ஒரு காப்பி வெச்சுப்பேன்."

கார்பன் வைத்து எழுதிய மூன்று மஞ்சள் தாள்கள். முதல் பத்தியிலேயே பானிப்பத் இருந்தது. 'என் அறிக்கை தவறு என்று என் முகத்துக்கு நேரே சொன்ன ஒரே ஆள் இந்தப் பெண். இவளைத் தவறவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.'

அகல்யா இரண்டு தடவை படித்தாள். குப்பைக் கூடையில் கிடக்கும் பேனாவை நினைத்ததும் உடம்பு கூசிப்போயிற்று.

"சார்... இது அவங்களுக்குப் போய்ச் சேரவே இல்லையே?"

சந்திரமௌலி புரியாமல் விழித்தார்.

"அதெப்படி? அவனோடதை நீ அனுப்பினே, உன்னோடதை ப்ரணவ்தானேம்மா அனுப்பினான்?"