அல்வா பதத்தில் ஆயில்

திருமேனியின் காருக்கு முன்னால் ஓர் எலுமிச்சம்பழம் மிளகாயோடு தொங்கிக்கொண்டிருந்தது. அமாவாசைக்கு அமாவாசை பழையதைக் கழற்றிவிட்டுப் புதுசு கட்டிவிடுவார் அவர். மறந்ததே கிடையாது.

"உங்களுக்கு ஆயில் எப்பண்ணே மாத்தினாங்க?" என்று பழம் என்ஜினைக் கேட்டது.

"வண்டி வாங்கின அன்னைக்கு ஊத்தினதுதான். இப்ப அல்வா பதத்துல இருக்கு. அதனால என்னடா தம்பி? எனக்குத்தான் வாரன்டி இருக்கே! கெட்டுப்போனா கம்பெனிக்காரன் புதுசு மாட்டுவான்."

மறுநாள் மேம்பாலம் ஏறும்போது என்ஜின் கடகடவென்று இருமிவிட்டு நின்றே போனது. அவசரத்துக்கு அடிக்கலாமென்று பார்த்தால் ஹார்னும் ஊமை.

வண்டியைக் கட்டி இழுத்துப் போனார்கள். சர்வீஸ் சென்டரில் சங்கவி என்ற பெண் பிரித்துப் பார்த்தாள்.

"ஹார்ன்ல இருக்கிறது தயாரிப்புக் கோளாறு சார், இலவசமா மாத்தித் தர்றோம். ஆனா என்ஜின் போனது ஆயில் மாத்தாததால. அதுக்கு வாரன்டி வராது. ஒரு தடவையாவது சர்வீஸுக்கு விட்டிருக்கலாமே?"

"அய்யோ, வாரன்டியே!" என்று முனகியது என்ஜின்.

திருமேனி காரை ஒருமுறை சுற்றிவந்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

"இப்பத்தான் புரியுது! இவ்வளவு பெரிய வண்டிக்கு ஒத்தப் பழம் எப்படிப் போதும்?"

அன்று சாயங்காலமே இன்னொரு எலுமிச்சம்பழம் வந்து தொங்கியது. ஓடாத காரில் புது ஹார்ன் மட்டும் பாம் பாம் என்று அலறியது.

"இந்த வண்டியில நமக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று நடுங்கியது புதுப் பழம்.

"பயப்படாதே," என்றது பழைய பழம். "இங்க தேதி தவறாம சர்வீஸ் நடக்கிறது நமக்கு மட்டும்தான்."